நாலரை மணிச் சாலை

புதுக்கோட்டையின் ராஜ வீதிகள் சைக்கிளுக்கு வாகானவை. தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் போட்ட தெருக்கள். நான்கு புறமும் ராஜ வீதி, அதற்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று அடுக்கடுக்காகப் போகும். எந்த முக்கில் நின்றாலும் எதிரே வரும் வண்டி தூரத்திலேயே தெரிந்துவிடும். 2024இல் மாநகராட்சி ஆனாலும் ஊர் இன்னும் கைக்கடக்கமாகத்தான் இருக்கிறது. மெதுவாக மிதித்தாலும் அரை மணி நேரத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடலாம்.

நான் போனது தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குக் கீழ ராஜ வீதியில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. முப்பது பேர் இருக்கும். வங்கி ஊழியர், லாரி உதிரிபாகக் கடைக்காரர், இரவுப் பணி முடித்து நேராக வந்த செவிலியர், கல்லூரிப் பையன்கள், அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், ஓய்வுபெற்ற மின்வாரியக்காரர். ஞாயிறுதோறும் சேர்ந்து எங்காவது மிதித்துவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவார்கள். குழுவுக்குப் பெயரோ சந்தாவோ கிடையாது.

கிளம்பும் முன் எல்லா வண்டிகளையும் ஒருவர் பார்த்துவிடுகிறார். நெடுங்காலமாக ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கைலியை மடித்துக் கட்டி, சின்ன டார்ச்சை வாயில் கவ்வியபடி வரிசையாக வந்தார். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுவார். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் வெளிச்சம் சீராகத் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். அந்த இடைவெளி சுருங்கி விரிந்தால் "கோட்டம் இருக்கு" என்று சொல்லிக் கம்பிகளை முறுக்கும் சாவியை எடுத்துவிடுவார். பிறகு டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. கடைசியாக, பின் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளுவார். பின்சக்கரம் உருளாமல் தரையில் தேய்ந்து இழுபட்டால்தான் அடுத்த வண்டிக்கு நகர்வார்.

எனக்காக இரவல் வாங்கி வைத்திருந்த பழைய ஹெர்குலிஸ் அந்தச் சோதனையில் தேறவில்லை. "முன் பிரேக்க மட்டும் நம்பிப் போகாதீங்கம்மா. இறக்கத்துல அவசரமாப் புடிச்சா வண்டி நின்னுரும், நீங்க நிக்க மாட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே பின்கட்டை இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

சேர்ந்து மிதிப்பதற்கென்று அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முன்னால் போகிறவர் வழியறிந்தவர், அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கடைசியில் வருகிறவரிடம் காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருக்கும், அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. காதில் எதையும் மாட்டிக்கொள்ளக் கூடாது. சாலை காலியாக இருந்தால் இரண்டு இரண்டு பேராக, வளைவிலும் பாலத்திலும் ஒற்றை வரிசையாக. முன்னால் போகிறவர் "பள்ளம்" என்றால் அந்தச் சொல் ஒவ்வொருவர் வாயாகக் கடைசி ஆள் வரை போக வேண்டும். பின்னால் லாரி வந்தால் கடைசி ஆள் "வண்டி" என்று குரல் கொடுப்பார், அது முன்னே போகும். கேட்கும்போது பள்ளிக்கூட ஒழுங்கு மாதிரி இருந்தது. அன்னவாசல் சாலைக்கு வந்த பிறகுதான் அந்த இரண்டு சொற்களின் அருமை தெரிந்தது.

அன்று நாங்கள் போனது சித்தன்னவாசலுக்கு, புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். நகரத்தை விட்டதும் இரண்டு பக்கமும் செம்மண், தைலமரத் தோப்பு, நடுநடுவே அறுவடை முடிந்த வயல். இப்படிப்பட்ட சாலையில் சைக்கிளுக்கு வரும் ஆபத்து காரில் போகிறவர்கள் கண்ணில் படுவதில்லை. தாரின் விளிம்பு முதல் ஆபத்து. மேலுக்கு மேல் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது, ஓரத்து மண் அப்படியே கிடக்கிறது. சில இடங்களில் ஒரு சாண் இறக்கம். பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கிறது, நாம் ஓரம் கட்டுகிறோம், முன்சக்கரம் விளிம்பிலிருந்து நழுவுகிறது, மறுபடி ஏற்றப் பார்க்கிறோம். சக்கரம் விளிம்போடு உரசியபடியே ஓடும், ஏறாது. விழுவது அந்த நொடியில்தான், அதுவும் சாலைப் பக்கமாக.

அடுத்தது நெல். தை மாதம் என்றால் பாதிச் சாலையில் நெல் காயும். களம் போதாத ஊரில் விவசாயி வேறெங்கே போவார்? அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் நெல்லை அள்ளிய பிறகும் காவலுக்கு வைத்த கருங்கற்கள் சாலையிலேயே கிடக்கின்றன. பனியில் பத்தடிக்கு முன்னால்தான் கண்ணில் படும். அன்று காலை "கல்லு" என்ற குரல் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. லாரிக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் இறங்கிக் கற்களை ஓரத்துக்கு உருட்டிவிட்டுத்தான் மறுபடி ஏறினார்.

பிறகு ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிய டிப்பர்கள். தார்ப்பாய் சரியாக மூடாத லாரி தாண்டிப் போகும்போது கண்ணில் தூசி விழும். கண்ணை மூடும் அந்தக் கணத்தில் வண்டி எங்கே போகும் என்று நம் கையில் இல்லை. தனியாக வந்திருந்தால் ஒவ்வொரு டிப்பருக்கும் இறங்கி நின்றிருப்பேன். முப்பது பேராகப் போனபோது டிப்பர்கள் எங்களை வேறு மாதிரி நடத்தின. வேகம் குறைத்தன, எதிர்ப்பக்கம் காலியாகும்வரை பின்னாலேயே வந்தன, பிறகு முழுதாக அந்தப் பக்கத்துக்கு விலகித் தாண்டின. அதே ஓட்டுநர், அதே சாலை. தனியாகப் போகிறவருக்கு அவர் விடுவது ஒரு முழ இடைவெளி, எங்களுக்கு விட்டது ஒரு வண்டி அகலம்.

அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். பீட்டர் ஜேக்கப்சன், கலிபோர்னியாவில் பொதுச் சுகாதாரத் துறையில் ஆலோசகராக இருந்தவர். கலிபோர்னிய நகரங்கள், டென்மார்க் ஊர்கள், ஐரோப்பிய நாடுகள் எனப் பல இடத்துப் புள்ளிவிவரங்களை வைத்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓர் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு மடங்கானால், ஒவ்வொருவரும் அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. திடீரென்று சைக்கிள்காரர்கள் கவனசாலிகள் ஆகிவிடுவதில்லை. கார் ஓட்டுகிறவர்களின் கண் பழகிவிடுகிறது, சைக்கிள் வரும் என்று எதிர்பார்த்தே ஓட்டுகிறார்கள் என்பது அவர் முடிவு. ஸ்பெயினில் சட்டமே கூட்டத்தை மதிக்கிறது. குழுவாக வரும் சைக்கிள்களில் முதல் ஆள் சந்திப்புக்குள் நுழைந்துவிட்டால், கடைசி ஆள் கடக்கும்வரை மற்ற வண்டிகள் காத்திருக்க வேண்டும். சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டராவது விலக வேண்டும் என்பதும் அங்கே விதி.

வேகத்தையும் சொல்லியாக வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி மோதும் விசைக்குப் பின்னால் இருக்கும் ஆற்றல், 30இல் வருவதைப்போல் நான்கு மடங்கு. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சாலை அகலமாகிப் பளபளவென்று ஆனதும் ஊரெல்லாம் மகிழ்கிறது. அதே சாலையில் ஓரமாக மிதித்துப் போகிறவருக்கு அது முன்னைவிடக் கொடிய சாலை. அகலப்படுத்தும்போதே ஓரத்தில் ஒரு மீட்டர் தாரை வெள்ளைக்கோடு போட்டு ஒதுக்கியிருந்தால் பெரும் செலவாகியிருக்காது.

சித்தன்னவாசல் வந்து சேர்ந்தோம். ஏழடிப்பட்டம் குகையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும், அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளமும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நிறையப் பேர் நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் அங்கே அதிக நேரம் செலவிட்டது அடிவாரத்தில், அறுபதைத் தாண்டிய ஓர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்ததில்தான். குழுவில் மூத்தவர் அவர். புடவையை முன்னால் இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பி வைத்த ஆம்பளை சைக்கிளில் வந்திருந்தார்.

அவர் 1992ஐப் பார்த்தவர். அந்தக் கதையை இந்த மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியவில்லை. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் 1991இல் தொடங்கியது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவுத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் முடிவு எடுக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் அடுத்த ஊருக்குப் போகவும் தானே முடிய வேண்டும், பேருந்துக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஊர் ஊராகப் பயிற்சி முகாம் நடந்தது. அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு நகரத்துக்குள் ஊர்வலமாக வந்தார்கள். கற்றுக்கொண்டவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அந்தக் கட்டுரை பின்னர் எட்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. இந்திப் பாடநூலில் இடம்பெற்றது. புதுக்கோட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாத வடநாட்டுப் பிள்ளைகள் அதன் சைக்கிள் பெண்களைப் பாடமாகப் படித்தார்கள்.

அக்கா அப்போது கல்குவாரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். லேடீஸ் சைக்கிளுக்குப் பெரும் தட்டுப்பாடு, அதனால் பலரும் ஆம்பளை சைக்கிளிலேயே கற்றார்கள். பிறகு அதுவே பிடித்துவிட்டது, முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். "குரங்குப் பெடல் போட்டுத்தான் ஆரம்பிச்சேன். பிள்ளை பெத்த பொம்பள குரங்குப் பெடல் போடுறதப் பாத்து ஊரே சிரிச்சுச்சு" என்றார். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"விழுறதுக்கு யாரும்மா பயந்தா? ரோட்டுக்குத்தான் பயம். தனியாப் போனா லாரிக்காரன் வேணும்னே ஒட்டி வந்து ஹாரன் அடிப்பான். டீக்கடையில உக்காந்திருக்கிறவன் பேசக் கூடாததெல்லாம் பேசுவான். பத்துப் பேரா போனோம்னா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். அதுனால காலையில குவாரிக்குப் போறப்ப ஒருத்திய விட்டு ஒருத்தி போக மாட்டோம். ஒரு ஊர்க்காரி வந்து விலக்குல நிப்பா, அடுத்த ஊர்க்காரி வந்து சேருவா. சேந்துதான் போவோம்."

ஜேக்கப்சன் கட்டுரை வெளிவர இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்த காலம் அது. கூட்டமாகப் போனால் சாலை வழிவிடும் என்பதை இந்தப் பெண்கள் மேலில் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். சைக்கிள் வண்டியோடு அவர்களுக்குக் கிடைத்தது சாலையில் ஓர் இடம். அந்த இடத்தை அவர்கள் தினமும் வேலை நேரத்தில், போக்குவரத்துக்கு நடுவில் போய் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நாங்கள் மிதித்த நேரம் ஞாயிறு விடிகாலை. சாலையில் ஆபத்து மிகக் குறைவாக உள்ள நேரம். தலையில் ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, உடம்பில் ஒளிரும் சட்டை. ஆபத்து அதிகமான நேரத்தில் சைக்கிளில் போகிறவர்கள் யார்?

அதைப் பார்க்கவே திங்கட்கிழமையும் தங்கினேன். குழுவில் இருந்த ஆசிரியை வேலை பார்ப்பது ஆலங்குடி சாலைப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. நாலரை மணிக்கு முன்னால் அங்கே போய் நின்றேன். மணியடித்ததும் வாசல் வழியாகச் சைக்கிள்கள் வந்துகொண்டே இருந்தன. அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிகள். 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் எல்லாருக்குமாக விரிந்தது. தமிழ்நாடு செய்த நல்ல காரியங்களில் ஒன்று அது. பீகார் 2006இல் இதேபோல் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தபோது, ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களின் எண்ணிக்கை கூடியதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

வண்டிகளை அருகில் போய்ப் பார்த்தேன். பின் மட்கார்டில் இருந்திருக்க வேண்டிய சிவப்பு வில்லை பலவற்றில் உடைந்துவிட்டது, சிலவற்றில் சேறு மூடிக் கிடக்கிறது. ஒரு வண்டியில் கூட விளக்கு இல்லை. அந்தக் காலத்தில் விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், டைனமோ உரசும் சத்தமே இன்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் பின் பிரேக் கம்பி அறுந்து, கேரியரில் ரிப்பனால் கட்டி வைக்கப்பட்டிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "அரையாண்டுப் பரீட்சையிலேருந்து" என்றாள். புத்தகப் பை ஹேண்டில்பாரில் தொங்கி முழங்காலில் இடிக்கிறது. துப்பட்டாவை மட்டும் எல்லாரும் பின்னால் எடுத்து இறுக்கி முடிந்திருந்தார்கள். போன வருஷம் ஒருத்தியின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றியதாம், அதிலிருந்து ஆசிரியை விடுவதில்லை.

அவர்களோடு நானும் மிதித்தேன். தொடக்கத்தில் சாலை முழுக்கச் சைக்கிள், மூன்று மூன்று பேராகச் சிரித்துப் பேசிக்கொண்டு. வண்டிகள் பொறுமையாகப் பின்னால் வந்தன. முதல் விலக்கில் எட்டுப் பத்துப் பேர் திரும்பினார்கள். அடுத்ததில் இன்னும் சிலர். மூன்றாவது விலக்கு தாண்டியபோது நான்கு பேர். பேச்சு குறைந்தது. தானாகவே ஒற்றை வரிசை ஆனார்கள், ஓரத்துக்குப் போனார்கள். பேருந்துகள் இப்போது வேகம் குறைக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு பெண். அவள் ஊருக்கு அங்கிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர். பெடலில் எழுந்து நின்று வேகமாக மிதிக்க ஆரம்பித்தாள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டதற்கு, "இந்த இடத்த மட்டும் சீக்கிரம் தாண்டிருவேங்க்கா" என்றாள். ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும் நாட்களில் அவள் இந்த இடத்துக்கு வரும்போது இருட்டியிருக்கும். எதிரே வரும் கார் ஹைபீம் போட்டால் தார் எது மண் எது என்று தெரியாது.

அன்று இரவு குழுவில் சிலர் ஒரு வீட்டில் கூடியபோது இதைச் சொன்னேன். சேர்ந்து மிதிப்பது உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் மிதியுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு மாலையாவது நாலரை மணிச் சாலையில் நீங்கள் இருக்க வேண்டும். ஹெல்மெட்டும் விளக்குமாகப் பெரியவர்கள் பத்துப் பேர் அந்தச் சாலையில் மிதித்தால் பேருந்து ஓட்டுநரின் கண் பழகும். விடிகாலையில் காலிச் சாலையில் மிதிப்பதால் யார் கண்ணும் பழகப் போவதில்லை.

எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. வங்கி ஊழியருக்கு ஆறு மணிக்கு முன் வெளியே வர முடியாது. ஆசிரியை சொன்ன தடை இன்னும் முக்கியமானது. பள்ளி விடும் நேரத்தில் தெரியாத ஆண்கள் மாணவிகளின் பின்னால் சைக்கிளில் போனால் எந்தத் தாய் ஒப்புவாள்? பிள்ளைகளே பயந்துவிடும். அது முழுக்கச் சரி. முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் பெண்களாக இருக்க வேண்டும், அதுவும் அந்தந்த ஊர்ப் பெண்களாக இருந்தால் நல்லது, பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பெற்றோர் சம்மதித்த பிறகே தொடங்க வேண்டும் என்று பேச்சு போயிற்று. 1992இல் கற்றுக்கொண்டவர்கள் அந்தச் சாலையோரத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள் என்றார் அக்கா. பலரும் ஸ்கூட்டிக்கு மாறிவிட்டார்கள், சிலருக்கு முட்டிவலி. "கூப்பிட்டா வருவாளுக. நான் கூப்பிடுறேன்."

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மனு எழுதினார்கள். தாரின் விளிம்புக்கு மண் அணைத்துச் சமன் செய்வது, வேகத்தடைகளுக்கு வெள்ளை அடிப்பது, விலக்குகளில் விளக்கு. மின்வாரியத்தில் இருந்தவர் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்பதைக் கம்ப எண்ணோடு சேர்த்தார். மாதம் ஒரு முறை பள்ளி வாசலிலேயே பிரேக் கட்டை மாற்றிக் கொடுக்க ஏற்பாடு. பின்பக்கம் ஒட்டும் சிவப்பு ஒளிர்பட்டையை மொத்தமாக வாங்கித் தருவதாக லாரிக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். லாரிக்கு ஒட்டுகிற அதே பட்டைதான், ஒரு சுருள் இருந்தால் ஒரு வகுப்புக்கே போதும்.

மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை. எந்தெந்தப் பெண் எந்த விலக்கில் தனியாகிறாள், அங்கிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று ஊர்வாரியாக ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டு அதற்குப் போவதாக ஆசிரியை சொன்னார்.